உளியை நிமிர்த்துக

திருப்பூரினின்று பல்லடம் செல்லும் சாலையில் உள்ளது அருள்புரம். பின்னலாடையால் பிழைக்கும் ஊர். சாயப்பட்டறைகளின் கழிவு நீரைத் தூய்மை செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றும் அங்கு உண்டு. அப்பகுதியில் சுழலும் வட்டப் பின்னற்பொறிகளுள் மிகுதியானவை செருமனி, இத்தாலி, தைவான், சீனம் முதலிய நாடுகளினின்று வந்தவை. உலகத்தாருக்கு உடை தைத்து அனுப்பும் நாம், அவ்வுடையைப் பின்னும் பொறியையும் அதனைப் பழுது பார்க்கும் கருவியையும் விலைக்கு வாங்கியே பழகிவிட்டோம். இப்பழக்கம் நன்றன்று என்பது என் கருத்து. அதனை ஒரு சிறு கருவியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு லேத் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். கடைசல் என்பது தமிழ்ச்சொல். கட்டிற்கால் கடைந்தவனும் இரும்பு கடைபவனும் ஒரே தொழிலின் முன்னோனும் பின்னோனுமே ஆவர்.

லேத்தில் இரும்புத் தண்டு சுழல்கிறது. டூல் போஸ்டில் இறுக்கிய உளி அதனைச் சீவுகிறது. பட்டறையார் 'பிட்' என வழங்கும் இவ்வுளி பெரும்பாலும் ஹை ஸ்பீடு எஃகினாலாயது. அமெரிக்கராகிய டெய்லரும் ஒயிட்டும் கண்ட முறையால் இவ்வெஃகு பிறந்தது. 1900-இல் பாரிசுக் கண்காட்சியில், உளிமுனை சூட்டினாற் சிவந்தும் கூர் மழுங்காது வெட்டியதைக் கண்டோர் வியந்தனர். அன்று முதல் இன்றுவரை உளியைப் பெரும்பாலும் படுக்கவைத்தே பிடிக்கிறோம். படுத்த உளிக்கு முன்பக்கம், இடப்பக்கம், மேற்பக்கம் என மூன்று முகங்களைச் சாணையில் தீட்டவேண்டும். மூன்று முகத்திற்கும் மூன்று கோணம். பழகிய கை ஒரு நொடியில் தீட்டிவிடும். பழகாத கை பிட்டைப் பாதியாகத் தேய்த்த பின்னும் கோணம் காணாது.

இதற்கு மாற்றாக உள்ளதே தொடுகோட்டு உளிதாங்கி. சுழலும் தண்டின் வட்டத்தை உளி தொடுமிடத்தில் ஒரு தொடுகோடு வரைந்தால் அது செங்குத்தாக நிற்கும். அக்கோட்டை ஒட்டி உளியையும் ஏறக்குறைய நிமிர்த்தி நிறுத்துவதே இதன் தத்துவம். ஆஸ்திரேலியாவில் 'டைமண்ட்' என்னும் பெயரால் இத்தகைய தாங்கி விற்கப்படுகிறது. சதுர உளியின் தலை, தண்டை நோக்கியும் உளி நகரும் திசையை நோக்கியும் 12 பாகை அளவு சாய்ந்திருக்கும். அச்சாய்வினாலேயே உளியின் இரு பக்கங்களும் இரும்பில் உராயாமல் விலகி நிற்கின்றன. ஆதலின் அவற்றைத் தீட்டவேண்டுவதில்லை. தீட்டவேண்டியது உளியின் உச்சியில், மூலைக்கு மூலை சரிவாக அமையும் ஒரே முகம். தீட்டத் தீட்ட உளி நீளத்திற்குறையும். சிறிது மேலே தள்ளி, தண்டின் மையத்திற்குச் சரியாக உயரம் வைத்து இறுக்கினாற் போதும்.

இன்னுமொரு நயம் உண்டு. சீவும்போது இரும்பு உளிமுனையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. படுத்த உளி, சுவரினின்று நீட்டிய கழியின் நுனியில் ஒருவன் தொங்கினாற்போல வளைய முயலும். நிமிர்ந்த உளியோ தூணைப்போல அவ்வழுத்தத்தைத் தன் நீளத்தில் தாங்கும். முனைக்கோணமும் செங்கோணத்திற் சற்றே குறுகியிருத்தலால், தாங்கியைத் திருப்பாமலே தண்டின் நெடுக்கையும் முகப்பையும் கடையலாம்.

நிற்க. இதனை வீட்டிலேயே செய்யலாகுமோ? ஆகும். ஒரு சதுர இரும்புத் துண்டின் முனையில், இருதிசைச் சாய்வோடு, பிட் பொருந்தும் அளவில் ஒரு பள்ளம் வெட்டவேண்டும். அதன்மேல் ஓர் அழுத்துத் தகடும் ஆலன் திருகாணியும். இவ்வளவே கருவி. பள்ளமே கடினம். மில்லிங் பொறி இல்லாதவர், வெட்டும் கட்டரை லேத்தின் சக்கில் பூட்டி, இரும்பைச் சாய்வுக்கட்டைகளின்மேல் டூல் போஸ்டில் இறுக்கி வெட்டலாம். இருதிசைச் சாய்வு கண்ணை ஏமாற்றும். இடம் வலமாகப் போனால் உளி வெட்டாது உராயும். ஆகையால் முதலில் மரக்கட்டையில் செய்து லேத்தில் வைத்துப் பார்த்த பின்னரே இரும்பைத் தொடவேண்டும்.

கார்பைடு டிப் கடையில் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. கடினமாக்கப்பட்ட எஃகிற்கும், ஒரே உருப்படியை ஆயிரக்கணக்கில் கடைவதற்கும் டிப்பே ஏற்றது. துளையின் உட்புறம் கடைய இத்தாங்கி உதவவே உதவாது. எனினும் டிப்பின் முழுப் பயனைப் பெற மிகுந்த வேகமும் அசையாத பொறியும் வேண்டும். சிறு பட்டறைகளில் உள்ள, பேரிங் தேய்ந்த பழைய லேத் அவ்வேகத்தை எங்ஙனம் தரும்? கூர்மிக்க பிட்டே அதற்குத் துணை. மேலும் டிப் உடைந்தால் மீண்டும் கடைக்கு ஓடவேண்டும். பிட் மழுங்கினால் சாணைக்கு நடந்தாற் போதும்.

கோயம்புத்தூர்ச் சீமையார்க்கு இப்போக்கு புதிதன்று. 1893-இல் கலங்கலிற் பிறந்த கோ. து. நாயுடு, முறையான பொறியியற் பட்டம் பெறாதவர். பேருந்து ஓட்டியும், மின்சவரக் கத்தி செய்தும், 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் மின்மோட்டார் அமைத்தும் புகழ் பெற்றார். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்விக் கழகம் தோன்றுதற்கும் அவரே காரணர். நான்காண்டுப் பொறியியற் கல்வியை இரண்டாண்டில் முடிக்கலாம் என்பது அவர் கொள்கை. அக்கணக்கை நான் முற்றும் ஒப்பவில்லை. ஆயினும் கைபடாத கல்வி காலத்தை விழுங்கும் என்ற அவர் கருத்தை மறுத்தல் அரிது.

ஈண்டுத் தமிழ் மாணவர்க்கும் ஒரு பங்கு உண்டு. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். அதன்பின் கலைச்சொல் ஆக்கியோர் பலர். அவருட் பட்டறை வாயிலில் நின்று கேட்டோர் எத்துணையர்? 'தொடுகோட்டு உளிதாங்கி' என்று மேலே எழுதினேன். தொடுகோடு பள்ளிக் கணக்கில் உள்ள சொல்லே. ஆயினும் லேத் ஓட்டுபவர் அதனை வாயாற் சொல்வாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 'நிமிர்ந்த பிட்' என்று அவர் சொல்வாராயின், என் சொல்லை விலக்கி அச்சொல்லை அகராதியில் ஏற்றவேண்டும். கேட்டறியாமல் எழுதும் சொல் நூலகத்திலேயே உறங்கும்.

நம் கல்லூரியின் பௌதிகப் பகுதிப் பட்டறையில் ஒரு சிறு லேத் உண்டு. கலைப்பிரிவினர்க்கு அக்கதவு திறப்பதில்லை. சனிக்கிழமைகளில், கற்பிப்போர் ஒருவர் மேற்பார்வையில், விரும்பும் மாணவர் யாவர்க்கும் அதனைத் திறந்துவிடுமாறு கல்லூரித் தலைவரை வேண்டுகிறேன். முதல் வேலைக்கு நாங்கள் கேட்பன ஒரு சாண் சதுர இரும்பு, ஒரு பிட், ஒரு திருகாணி, மரக்கட்டை இரண்டு.