விசுவாசத்தை மறைக்கச் சொல்லிக்கொடுக்கும் வீடுகள்

குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கம் என்றாலே பழி எங்கள் தலையில்தான் விழுகிறது. பெற்றோர் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதில்லை, குடும்ப ஜெபம் நின்றுவிட்டது, செல்போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது, அடுத்த தலைமுறைக்கு விசுவாசம் போய்ச் சேரவில்லை என்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு என்று கொங்கு மண்டலம் முழுக்க இந்தப் புலம்பலைக் கேட்கிறோம்.

விசுவாசம் எங்கே அறுகிறது என்பது பீடத்தில் நின்று பார்த்தால் தெரியாது. தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் வாங்கும் வரிசையில் எங்களோடு வந்து நில்லுங்கள். அங்கே தெரியும்.

எங்கள் வளவுகளில் பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். கோவில் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை 'பொய் சொல்லாதே' என்று கட்டளை படிக்கும் பிள்ளைக்கு, திங்கட்கிழமை 'யார் கேட்டாலும் இந்துன்னு சொல்லு சாமி' என்று பெற்ற தாயே சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. விஏஓ விசாரணைக்கு வரும் நாளில் இயேசு படம் சுவரிலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் போகும் வீடுகள் உண்டு. இதை எழுதி யாரையும் நாங்கள் காட்டிக்கொடுக்கவில்லை. அரசுக்கும் தெரியும், ஆயர்களுக்கும் தெரியும். இப்படி வளரும் பிள்ளை முதலில் கற்பது விசுவாசத்தையா, அதை ஒளித்து வைப்பதையா?

அந்தத் தாயை இந்த நிலைக்குத் தள்ளியது 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்கிறது அதன் மூன்றாவது பத்தி. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவ தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் இன்றுவரை பூட்டுதான்.

கொங்கில் இதற்கு என்ன பொருள்? தோட்டத்தில் பண்ணையாளாகக் கிடந்த அருந்ததியரின் பேரன் ஞானஸ்நானம் பெற்றவன் என்று தெரிந்தால், பட்டியல் சாதிக்கான 18 சதவீதத்திலிருந்தும் அதற்குள் 2009-ல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 சதவீதத்திலிருந்தும் வெளியேற்றப்படுகிறான். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய் விழுகிறான். அதே பட்டியலில் இருப்பவர் யார்? அவன் தாத்தன் யார் தோட்டத்தில் கைகட்டி நின்றானோ, அந்தக் கொங்கு வேளாளக் கவுண்டர். நிலமும் மில்லும் பனியன் கம்பெனியும் உள்ள சமூகத்தோடு, செருப்புத் தைத்தவன் பேரனும் சாக்கடை அள்ளியவன் பேரனும் சரிக்குச் சமமாகப் போட்டி போட வேண்டுமாம்! கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகளை மாநில அரசு தருகிறது. அது இந்த அநியாயத்தை ஈடுகட்டாது.

அவிநாசியும் தாராபுரமும் தனித் தொகுதிகள். கிறிஸ்தவ தலித் அங்கே ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. சாதி சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணை வராது. அடிப்பவன் மட்டும் ஞானஸ்நானச் சான்று கேட்டுவிட்டா அடிக்கிறான்?

நீதிமன்றம் சொல்வதையும் பாருங்கள். தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவரான கேரளக் குடும்பம் ஒன்றின் பேரன், இந்துவாக மாறி, சொந்தச் சாதியும் ஏற்றுக்கொண்டால், பட்டியல் சாதி உரிமை திரும்பக் கிடைக்கும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில், கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்தவ வழிபாட்டைத் தொடர்ந்து வந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்றது. அரசமைப்பின் மீது செய்யும் மோசடி என்றும் சொன்னது. ஆக, மூன்று தலைமுறை கிறிஸ்தவராக இருந்தாலும் சாதி சாகாது, தூங்கும். விசுவாசத்தை விட்டுவிட்டு வந்தால் எழுந்து உட்காரும். மதம் மாற்ற ஆசை காட்டுகிறார்கள் என்று கிறிஸ்தவர்கள் மேல் குற்றம் சாட்டுகிறவர்களே, பேரப்பிள்ளைக்கு இப்படி ஆசை காட்டுவது யார்?

'விசுவாசம் உண்மையானால் வேலையை விட்டுக்கொடு, சிலுவையைச் சுமந்துகொள்' என்று சில போதகர்கள் எங்களுக்கு உபதேசிக்கிறார்கள். ஐயா, தமிழகத் திருச்சபையில் பெரும்பான்மை நாங்கள். அந்தத் தலைக்கணக்கைக் கொண்டுதான் அரசமைப்பின் 30-வது பிரிவின் கீழ் உங்கள் பள்ளிகளும் கல்லூரிகளும் சிறுபான்மை உரிமை அனுபவிக்கின்றன. கிறிஸ்தவம் உங்கள் நிறுவனத்துக்கு உரிமை தருகிறது, எங்கள் பிள்ளையிடமிருந்து உரிமையைப் பறிக்கிறது. சிலுவை மட்டும் எங்களுக்கா?

லண்டன் மிஷன் 1830-ல் கோவைக்கு வந்தது. எங்கள் முன்னோர் சபைகளைத் தேடி வந்தது எழுத்துக்காக, மனிதராக மதிக்கப்படுவதற்காக. வந்த இடத்திலும் சாதி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைப் பிரித்த சுவர் ஊரறிந்தது. 2003-ல் தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பிரிவினையைக் கண்டித்தார். 2016-ல் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்று ஒப்புக்கொண்டது. ஆனால் சாதிக் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் வரன் பார்க்கும்போது முதல் கேள்வி சாதிதான். ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு அங்கே பழுதில்லாமல் கைமாறுவது அதுதான். அதைக் கண்டித்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்?

மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்கச் சொல்லி 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் 2004 முதல் வழக்கு கிடக்கிறது. 2022-ல் ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்து, இரண்டாண்டு கெடு கொடுத்து, பிறகு கெடுவை நீட்டிக்கொண்டே போனது.

ஆயர்களே, பேராயர்களே! டெல்லியின் கதவு திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. உங்கள் கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எத்தனை ஆசிரியர் பணி, எத்தனை முதல்வர் பதவி என்று ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுங்கள். ஆகஸ்ட் 10 கறுப்பு நாளில் அறிக்கையோடு நிற்காமல் எங்களோடு தெருவில் உட்காருங்கள். சாதி பார்த்து நடக்கும் கல்யாணத்தைப் பீடத்திலிருந்து பெயர் சொல்லிக் கண்டியுங்கள்.

அதன் பிறகு வந்து எங்கள் வீட்டில் ஜெபம் நடக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்கிறோம். ஜெபத்தை நாங்கள் மறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லும்படி வைத்திருக்கிறார்கள்.