ஆளில்லாத வண்டியும் கணக்கில் இல்லாத ஆளும்

விஞ்ஞானம் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். பொதுக் கிணறு, பொதுப் பாதை என்கிற சொற்களின் யோக்கியதை நமக்குத் தெரியும். ஆகவே இந்தப் 'பொது'வையும் ஒருதடவை தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கே-மேக்ஸ் என்றொரு ஹெலிகாப்டர். அமெரிக்காவின் கேமன் கம்பெனி செய்தது. காட்டில் வெட்டிய மரங்களைத் தூக்குகிற வேலைக்கு 1990களில் வந்தது. ஒரே ஒருத்தர் உட்கார்ந்து ஓட்டுவது. பிறகு லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோடு சேர்ந்து அந்த ஒருத்தரும் இல்லாமல் பறக்கிறபடி மாற்றினார்கள். அடியில் கட்டித் தொங்கவிட்டால் 2,700 கிலோ வரை தூக்கும். 2011 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில், அமெரிக்க மரீன் படையின் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு ஏறக்குறைய 1,600 கிலோ சரக்கைக் கொண்டுபோய் இறக்கியது. போர்க்களத்தில் ஆளில்லா ஹெலிகாப்டர் சரக்கு சுமந்தது அதுதான் முதல் தடவை. ஆறு மாசத்துக்கென்று போனது, 2014 மே வரை அங்கேயே இருந்தது.

ஏன் தேவைப்பட்டது? சாலையெல்லாம் கண்ணிவெடி. தண்ணியும் சாப்பாடும் டீசலும் ஏற்றிப்போன வண்டிகளில் சிப்பாய்கள் செத்தார்கள். செத்தவர் பெயரை ராணுவமே வெளியிட்டது. சவப்பெட்டிமேல் கொடி போர்த்தியது. பெயர் இருந்ததால் கேள்வி வந்தது, கேள்வி வந்ததால் பணம் வந்தது, பணம் வந்ததால் இயந்திரம் வந்தது. நல்லதுதான். சிப்பாயும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். 2013 ஜூனில் தொங்கிய சுமை ஆட்டங்கண்டு ஒரு கே-மேக்ஸ் தரையில் விழுந்தது. ஒருத்தருக்கும் காயமில்லை. விழுந்தது இரும்பு மட்டும்தான்.

ஆனால் அந்த நாட்டுச் சாலைகளில் வண்டி ஓட்டியது சிப்பாய்கள் மட்டுமா? 2010 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. களத்திலிருந்த அமெரிக்கத் துருப்புகளுக்குப் போன சரக்கில் 70 சதவீதத்துக்கும் மேல் உள்ளூர் லாரி ஒப்பந்தத்தில்தான் போயிற்று என்கிறது அது. மாசத்துக்கு 6,000 முதல் 8,000 நடை. ஒப்பந்தத்தின் மதிப்பு 216 கோடி டாலர். ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் கூலிக்கு ஓட்டிய ஆப்கான் டிரைவர்கள். ஹெலிகாப்டர் வந்த பிறகும் அவர்கள் லாரி நிற்கவில்லை.

நான் பேங்க்கில் கணக்கு எழுதுகிறவன். இதையும் போட்டுப் பார்த்தேன். கே-மேக்ஸ் அங்கே இருந்த காலம் முழுக்கத் தூக்கியது சுமார் 20 லட்சம் கிலோ. 20 டன் லாரி என்று வைத்துக்கொண்டால் 100 லாரி லோடு. அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரே மாசத்தில் ஆயிரக்கணக்கான நடை. மிச்சச் சுமை யார் தலையில் இருந்தது?

அந்த டிரைவர்களும் அதே கண்ணிவெடியில்தான் செத்தார்கள். தங்கள் ஆட்கள் செத்ததைச் சொல்லாமலே விட்ட ஒப்பந்தக் கம்பெனிகளும் உண்டு. பெயர் இல்லை, கொடி இல்லை. லாரி எரிந்தால் நஷ்டக் கணக்கு எழுத இடமிருக்கிறது. டிரைவர் எரிந்தால்? பேரேட்டில் ஏறாத தொகைக்கு வட்டி கிடையாது. பேரேட்டில் ஏறாத சாவுக்கு இயந்திரமும் கிடையாது.

சிலர் சொல்வார்கள்: தொழில்நுட்பம் முதலில் மேலே வரும், அப்புறம் தானாகக் கீழே இறங்கும், பொறுத்திருங்கள் என்று. தானாக எதுவும் இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை. மரம் தூக்கின ஹெலிகாப்டர் தானாகவா போர்க்களத்துக்குப் போனது? ஒரு சாவு கணக்கில் ஏறியது, அதனால் போனது.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. சுமையை இரும்பு சுமக்கட்டும், மனுஷன் நிமிர்ந்து நடக்கட்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் பொறியியல் படிக்கிற தம்பி தங்கைகளே, 'ஆளில்லா' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கைதட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஆளை இறக்கிவிட்டார்கள்? எந்த ஆளை வண்டியிலேயே விட்டுவிட்டார்கள்?

இயக்கத் தோழர்களுக்கு வேலை அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் ஒருத்தர் செத்தால், பெயர், ஊர், தேதி, அனுப்பியவர் யார் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். கருவி கேட்டுப் போகிற மனுவுக்கு முதல் தாள் அதுதான்.