சம்பளமும் சனியனும்

சங்கரன்கோவிலில் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்து ஒரு குறை சொன்னார். அவர் 2015-ல் பிரமோஷன் பெற்றவர். அவருக்கு இளையவர் ஒருவர் 2016-ல் அதே உத்தியோகத்திற்கு வந்தார். ஆனால் இளையவருக்கு இவரைவிடச் சம்பளம் அதிகம். இதற்கு இவர் கண்ட காரணம் இரண்டு. ஒன்று, ஜாதகத்தில் சனி. மற்றொன்று, இளையவர் ஆதிதிராவிடர் என்பதற்காகச் சர்க்கார் காட்டும் சலுகை. முன்னதற்காக ஆடித்தபசில் கோமதியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தினாராம். பின்னதற்காக அந்த இளையவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம்!

தோழர்களே, வகுப்புரிமையானது ஓர் உத்தியோகம் யாருக்கு என்பதைச் சொல்லுமேயொழிய, அந்த உத்தியோகத்திற்கு ஒரு காசாவது கூட்டியோ குறைத்தோ கொடுக்கச் சொல்வதில்லை. பிரமோஷனில் இட ஒதுக்கீடு கூடாதென்று 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, 1995-ல் 77-வது திருத்தத்தால் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அதிலே சம்பளக் கணக்கு எங்கே இருக்கிறது?

பின் எப்படி வந்தது வித்தியாசம்? 1-1-2016 முதல் பழைய சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கிப் புதுச் சம்பளம் வகுத்தார்கள். நம் தோழர் பிரமோஷனைப் பழைய அட்டவணையில் பெற்றுப் பிறகு பெருக்கப்பட்டவர். இளையவர் முதலில் பெருக்கப்பட்டுப் பிறகு பிரமோஷன் பெற்றவர். கணக்கின் வரிசை மாறினால் விடையும் மாறத்தானே செய்யும்! அம்மனுக்கு 2.57 தெரியுமா என்பது குருக்களைத்தான் கேட்கவேண்டும்.

நாள் செய்யும் கொடுமை வேறும் உண்டு. நம் மாகாணத்தில் 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் அன்று 8370 ரூபாயாக இருந்தது. ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5200. தர ஊதியம் இருவருக்கும் அதே 2800-ஆக இருந்தது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம். அன்றைய வித்தியாசம் 3170 ரூபாய். இது எந்தப் பஞ்சாங்கத்தில் குறித்த நாள்? கோட்டையிலிருக்கும் மனிதர்கள் குறித்த நாளல்லவா? அவர்கள் 2022 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பிறகே 2023 ஜனவரியில் ஒரு கமிட்டியாவது வந்தது.

நிற்க. நம் தோழரின் வியாதிக்கு மருந்து முன்னமே எழுதி வைத்திருக்கிறது. 2016-ம் வருஷத்து மத்திய சம்பள விதிகளில் 7-வது விதியைப் பார்க்க. 1-1-2016-க்கு முன் பிரமோஷனான மூத்தவர், அதற்குப்பின் பிரமோஷனான இளையவரைவிடக் குறைவாக வாங்கினால், இளையவர் பிரமோஷனான நாள் முதல் மூத்தவர் சம்பளத்தையும் சமமாக உயர்த்தவேண்டும் என்கிறது அது. இருவரும் ஒரே பிரிவினராக இருக்கவேண்டும். இளையவர் கீழ் உத்தியோகத்திலேயே தனி இன்கிரிமெண்டு பெற்று அதிகம் வாங்கியிருந்தால் செல்லாது.

இதைக் கேட்டதும் தோழர் மனு எழுத உட்கார்ந்துவிட்டார். மனுவில் இளையவரின் சம்பள விவரமும் காட்டியாகவேண்டும். அதை அந்த இளையவரிடமே போய்க் கேட்டு வாங்கும்படி சொல்லி அனுப்பியிருக்கிறோம்.