விற்பது எளிது, விலகுவது அரிது

புணே, ஐதராபாத், அகமதாபாத் போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய காலத்தில் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தவை பிளம்பிங் நிறுவனங்கள். ஒரு கருவிப் பையோடும் இரண்டு உதவியாளர்களோடும் தொழிலைத் தொடங்கிய பலர், இன்று மருத்துவமனைகளுக்கும் அலுவலக வளாகங்களுக்கும் குழாய்ப் பணி முழுவதையும் ஒப்பந்தம் எடுத்து முடித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தலைமுறை இப்போது அறுபது வயதைக் கடந்து வருகிறது. பிள்ளைகள் வேறு படிப்புக்கும் வேறு ஊருக்கும் சென்றுவிட்டார்கள். நிறுவனத்தை விற்றுவிடலாமா, பெரிய நிறுவனம் ஒன்றோடு இணைத்துவிடலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது.

வாங்குவோருக்கும் குறைவில்லை. 2015-இல் அம்ருத் திட்டமும், 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் இயக்கமும் அறிவிக்கப்பட்டன. ஜல் ஜீவன் தொடங்கியபோது ஊரகப் பகுதிகளில் குழாய் இணைப்புப் பெற்றிருந்த வீடுகள் ஏறத்தாழ 3.23 கோடி, இன்று அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. குழாய்ப் பணி தெரிந்த கைகளுக்கும், அவர்களை மேய்க்கத் தெரிந்த நிறுவனங்களுக்கும் தேவை கூடியிருக்கிறது. மின்பணியும் குளிரூட்டும் பணியும் செய்யும் ஒப்பந்தக்காரர்கள், பிளம்பிங்கையும் தம் கூரையின் கீழ்க் கொண்டுவர விரும்புகிறார்கள்.

ஆகவே விற்பது அத்தனை கடினமான காரியம் அன்று. ஆனால் கடன் பிரிவில் அமர்ந்து இந்தக் கைமாற்றங்களைப் பார்க்கும் நமக்கு ஒன்று உறுத்துகிறது. உரிமையாளர் விலையைப் பற்றி ஆறு மாதம் பேசுகிறார்; விடுபடுவதைப் பற்றி ஆறு நிமிடம்கூடப் பேசுவதில்லை. வல்லுநர் உதவி எதற்காக வேண்டும் என்று கேட்டால், நல்ல விலை பெறுவதற்கு என்கிறார்கள். அது பாதி விடைதான். விற்றவர் உண்மையிலேயே விலகி வருவதற்கே வல்லுநர் வேண்டும் என்பது நம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு பிளம்பிங் நிறுவனம் வங்கியில் 80 லட்ச ரூபாய் ரொக்கக் கடன் வைத்திருக்கிறது. அதற்கு உரிமையாளரின் வீடு அடமானம். அவரும் மனைவியும் தனிப்பட்ட பிணை கொடுத்திருக்கிறார்கள். நிறுவனம் ஒன்றரைக் கோடிக்குக் கைமாறுகிறது. 90 லட்சம் உடனே வருகிறது. மீதம் இரண்டு ஆண்டுகளில் தவணையாக வரும். வங்கிக் கடனை வாங்குபவரே ஏற்றுக்கொள்வார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதப்படுகிறது. எல்லாரும் இனிப்பு வழங்கிக் கலைகிறார்கள்.

அந்த ஒரு வரி விற்பவரையும் வாங்குபவரையும் மட்டுமே கட்டுப்படுத்தும், வங்கியைக் கட்டுப்படுத்தாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், பிணையாளரின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. வங்கி எழுத்து மூலம் விடுவிக்கும் வரை பழைய பிணை உயிரோடு இருக்கும். புதிய உரிமையாளர் தடுமாறினால், தொழிலை விட்டு விலகிவிட்டதாக நினைத்திருந்தவரின் வீட்டுக் கதவைத்தான் அறிவிப்பு தட்டும். தவணைப் பணமும் வராது. வீடும் ஆட்டம் காணும்.

இது முதல் கயிறு. இரண்டாவது கயிறு, வங்கி உத்தரவாதங்கள். பெரிய கட்டடப் பணிகளுக்கு ஒப்பந்தக்காரர் செயல்திறன் உத்தரவாதம் கொடுத்திருப்பார். பணி முடிந்த பின்னும் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக்காலம் ஓராண்டோ அதற்கு மேலோ ஓடும். அதுவரை பட்டியல் தொகையில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். நிறுவனம் கைமாறிய பின் ஏதோ ஒரு தளத்தில் குழாய் கசிந்து, புதியவர் அதைச் சரிசெய்யத் தவறினால், கட்டட உரிமையாளர் பழைய உத்தரவாதத்தைத்தான் பணமாக்குவார். பிடித்து வைத்த தொகை யாருக்கு, கசிவுக்குப் பொறுப்பு யாருக்கு, உத்தரவாதத்தை எந்தத் தேதிக்குள் வாங்குபவர் தம் பெயரில் மாற்றித் தர வேண்டும் என்பவை ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டியவை.

மூன்றாவது கயிறு, தொழிலாளர்கள். இந்தியப் பெருநகரங்களில் குழாய்ப் பணி செய்வோரில் பெரும் பகுதியினர் ஒடிசாவின் கேந்திராபாரா மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். பட்டமுண்டை என்ற ஊரின் பெயர் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மேஸ்திரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருபது பேர் வேலை செய்வார்கள். அவர் போனால் இருபது பேரும் போவார்கள். அவர்களுடைய பழைய பணிக்காலம் புதிய உரிமையாளரிடம் தொடருமா, பணிக்கொடையை யார் கொடுப்பது, வருங்கால வைப்பு நிதியில் பாக்கி உண்டா என்பதை விற்பனைக்கு முன்பே தீர்க்க வேண்டும். வைப்பு நிதிப் பாக்கிக்கு, விற்றவர், வாங்கியவர் இருவரையும் சட்டம் பொறுப்பாக்குகிறது. மேலும், வாங்குபவர் விலை கொடுப்பது குழாய் வெட்டும் இயந்திரங்களுக்கு அன்று; இந்த இருபது பேருக்கும், அவர்களால் நிலைத்திருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கும்தான்.

இந்த மூன்று கயிறுகளையும் அவிழ்ப்பதற்கு எந்த வழியில் கைமாற்றுகிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும். தனியுரிமை நிறுவனத்துக்கு உரிமையாளரை விட்டுத் தனியான சட்ட உருவம் கிடையாது. அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணையும் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவையும் விற்க முடியாது. தொழிலை மட்டுமே மாற்ற முடியும். இயங்கும் தொழிலை முழுமையாக மாற்றினால் அந்த மாற்றத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு. எஞ்சிய உள்ளீட்டு வரி வரவையும் உரிய படிவத்தின் மூலம் வாங்குபவருக்கு மாற்றலாம். அதையே துண்டு துண்டாக, இயந்திரம் தனி, இருப்புச் சரக்கு தனி என்று விற்றால் கணக்கு வேறாகிவிடும். வருமான வரியிலும் அப்படியே. மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்த தொழிலைத் தனித்தனி விலை குறிக்காமல் ஒரே தொகைக்கு மொத்தமாக விற்றால் நீண்டகால மூலதன ஆதாயமாகக் கொள்ளப்படும். நிகர மதிப்புக்குப் பட்டயக் கணக்கரின் அறிக்கையும் வேண்டும். இவை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். பின்னர்க் கேட்டால் விடை தெரியும், பயன் இராது.

தனியார் வரையறை நிறுவனங்களின் இணைப்பு இன்னொரு வழி. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி அது பொதுவாகத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழியே நடக்கும். சிறு நிறுவனங்களுக்கு 233-ஆம் பிரிவில் விரைவு வழி உண்டு. அந்த விரைவு வழியிலும் கடன் கொடுத்தோரில், கடன் மதிப்பின்படி பத்தில் ஒன்பது பங்கினர் இசைய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இணைப்பில் வங்கியைச் சட்டமே அழைத்து உட்கார வைக்கிறது. சாதாரண விற்பனையில் வங்கியை அழைக்க வேண்டியவர் உரிமையாளர்தான். பெரும்பாலும் அவர் கடைசியில்தான் அழைக்கிறார்.

செய்தி வெளியே போனால் கடன் வரம்பைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. போட்டியாளர் காதுக்கும் தொழிலாளர் காதுக்கும் எட்டாமல் பேச்சை நடத்துவது முறையே. ஆனால் வாடிக்கையாளரின் செய்தியை மறைவாகக் காப்பது வங்கியின் கடமை. வாங்குபவரின் கடன் தகுதியைப் பார்க்கவும், புதிய ஈட்டை மதிப்பிடவும், பிணையாளரை மாற்றவும் எங்களுக்குக் காலம் வேண்டும். கையெழுத்துக்கு முந்தைய வாரம் வந்து தடையின்மைச் சான்று கேட்டால், எந்தக் கிளையாலும் நல்ல விடை சொல்ல இயலாது. வங்கிகளும் இந்த விண்ணப்பங்களை மற்றக் கோப்புகளோடு அடுக்கி வைக்காமல், முடியும் அல்லது முடியாது என்பதைக் காரணத்தோடு, குறித்த நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் முன்யோசனையைக் கேட்கும் நாம் தாமதத்தைத் திருப்பித் தருவது நியாயம் ஆகாது.

சரி, யாரை அமர்த்துவது? இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் ஆடிட்டரே போதாதா என்று கேட்பவர் உண்டு. அவருக்குத் தொழிலின் நாடி தெரியும், அவர் இருக்கட்டும். ஆனால் ஆண்டுக் கணக்கு முடிப்பது வேறு, கைமாற்றத்தை வடிவமைப்பது வேறு. இத்தகைய ஒப்பந்தங்கள் எழுதிப் பழகிய வழக்குரைஞர் ஒருவரும் தேவை. தரகர்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பேரம் முடிந்தால் மட்டுமே ஊதியம் பெறுபவர், பேரம் முடிய வேண்டும் என்றே அறிவுரை சொல்வார். அது அவர் குற்றமன்று. அவர் ஊதியத்தின் இயல்பு. ஆகவே, பேரம் முறிந்தாலும் தம் கட்டணம் குறையாத ஒருவரேனும் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். "இதை விற்காதீர்கள்" என்று அவரால்தான் சொல்ல முடியும்.

சிறு நிறுவனத்துக்கு இத்தனை செலவு தாங்குமா என்பது நியாயமான கேள்வி. விலைக் கணக்கைக் கொண்டே விடை தேடலாம். ஆண்டு லாபம் 60 லட்சம் என்று உரிமையாளர் சொல்கிறார். அவர் தமக்குச் சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் ஒரு மேலாளரை வைத்தால் 18 லட்சம் ஆகும். வாங்குபவர் கண்ணில் லாபம் 42 லட்சம்தான். லாபத்தின் நான்கு மடங்கு விலை என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், இந்த ஒரு திருத்தத்தாலேயே 72 லட்சம் வேறுபடுகிறது. ரொக்கமாக வாங்கிக் கணக்கில் காட்டாத பணம் இருந்தால் அதற்கு விலையே கிடையாது. வரியில் மிச்சம் பிடித்ததை விலையில் இழக்க நேரும். இவற்றைச் சீர்செய்ய இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குகள் வேண்டும். வல்லுநரை விற்கும் ஆண்டில் அழைப்பதைவிட, அதற்கு மூன்று ஆண்டு முன்னர் அழைப்பதே சிக்கனம்.

இறுதியாக, கையெழுத்திடும் முன் ஒவ்வொரு விற்பனையாளரும் தம் வழக்குரைஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கடன் தீர்வதும் பணம் கைக்கு வருவதும் ஒரே நாளில் நடக்குமா? என் வீட்டுப் பத்திரம் எந்த நாளில் திரும்பும்? நிறுவனமாக இருந்தால், ஈட்டுப் பதிவு நீங்கியதைப் பதிவாளருக்கு 30 நாளுக்குள் தெரிவிப்பவர் யார்? தவணையாக வரும் தொகைக்கு எனக்கு என்ன ஈடு? இதே தொழிலை நான் மீண்டும் செய்யக்கூடாது என்ற நிபந்தனை எந்த எல்லைக்குள், எத்தனை காலம்? நன்மதிப்பை விற்பவருக்கு அப்படிப்பட்ட தடையை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அது குறித்த இடத்துக்குள், நியாயமான அளவில் இருக்க வேண்டும். மருமகனோ தம்பி மகனோ இதே தொழிலில் இருந்தால் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டும்.

முப்பது ஆண்டு உழைப்புக்கு விலை கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. அந்த விலை, விற்றவரின் வீட்டையும் தூக்கத்தையும் ஈடாக வைத்துக்கொண்டு வரக்கூடாது. பிணை விடுவிப்புக் கடிதமும் வீட்டுப் பத்திரமும் கைக்கு வரும் நாளையே விற்பனை நாளாகக் கொள்ளுங்கள். அதற்கு முன் வருவது முன்பணம் மட்டுமே.