சைஸ் இல்லாத உடுப்பும் தள்ளிப்போடும் கிளினிக்கும்

பண்டிகைக் காலத்தில் உடுப்புக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலருக்கே அந்த அனுபவம் இருக்கலாம். "அக்கா, உங்கட சைசில எங்களிட்ட இல்லை" என்று விற்பனைக்கு நிற்கும் பிள்ளை சொல்வாள். பக்கத்தில் நிற்பவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் வேலை செய்யும் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. "பெரிய சைசில் உடுப்புக் கிடைத்தால் ஒருவரும் உடம்பைக் குறைக்கமாட்டார்கள்" என்றார் ஒரு அம்மா. "உடம்பு எப்படி இருந்தாலென்ன, உடுப்பு வேண்டும்தானே" என்றார் இன்னொருவர்.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய வாதமல்ல. பருமனான மனிதர்களையும் மரியாதையோடு நடத்த வேண்டுமெனக் கேட்கும் சங்கமொன்று அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அவரவர் உடலை வெட்கமின்றி ஏற்றுக்கொள்வோம் என்ற கருத்து பின்னர் சமூக ஊடகங்கள் வழியாக உலகெங்கும் பரவியது.

சைஸ் என்பது எங்கிருந்து வந்தது? எமது அம்மாமார் காலத்தில் தையற்காரி அங்குல நாடாவால் அளந்து, உடம்புக்கேற்றபடி சட்டை தைத்தாள். ஆயத்த ஆடை வந்த பிறகோ உடுப்புக்கேற்ற உடம்பைத் தேட வேண்டியதாயிற்று. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் சுமார் 15,000 பெண்களை அளந்தது. அதை அடியொற்றி 1958இல் வெளியான அளவுத் தரம் 1983இல் கைவிடப்பட்டது. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி அளவு வைக்கிறது. ஒரு கடையில் 'எம்' போடும் பெண்ணுக்கு அடுத்த கடையில் 'எக்ஸ்எல்' தேவைப்படுவது இதனால்தான். ஆகவே சைஸ் இலக்கத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். கட்டுநாயக்காவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலந்தொட்டு எமது பெண்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உடுப்புத் தைக்கிறார்கள். அங்குள்ள பருமனான பெண்களுக்கான உடுப்பும் அதில் அடங்கும். எனவே இங்கே தைக்கத் தெரியாமலில்லை. வாங்க ஆள் இருக்கிறதென்று எமது கடைக்காரர் எண்ணவில்லை.

அதற்காக உடல் நிறையைப் பற்றிக் கவலையே வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். தென்னாசியர்களான எமக்கு வெள்ளையர்களைவிடக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருகிறது. ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் தேவையென்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. எமது பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரை எட்டுவதும் எச்சரிக்கையே. மெலிந்த பெண்ணுக்கும் வயிற்றில் கொழுப்புச் சேரலாம். "நான் மெல்லிசுதானே" என்று அவள் பரிசோதனையைத் தவிர்ப்பதும் ஆபத்து.

ஆனால் வெட்கப்படுத்துவதால் நோய் குறைவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்கு, கிளினிக்கில் நிறை பார்த்தவர் எல்லோருக்கும் கேட்க ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். அதன்பின் இரண்டு வருடம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. காலில் வந்த புண் ஆறாதபோதுதான் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. உடற்பருமனை இழிவாகப் பார்ப்பது நோயாளரைச் சிகிச்சையிலிருந்து விலக்குகிறது என்று பல நாடுகளின் நிபுணர்கள் 2020இல் கூட்டாக அறிக்கை விட்டார்கள். எமது கிராமங்களில் நாம் காண்பதும் அதுவே.

உடம்பைக் குறைத்த பிறகு உடுப்பு வாங்கலாம் என்போருக்கு ஒரு கணக்கு. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரத்தில் 150 நிமிடம் நடப்பதும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. நீரிழிவு வரும் வாய்ப்பு அதனால் 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ உள்ள பெண்ணுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோதான். அதைக் குறைத்த பிறகும் அவருக்குப் பெரிய சைஸ் உடுப்பே தேவைப்படும். நடக்கப் போவதற்கும் உடம்பை இறுக்காத, கிழியாத உடுப்பு வேண்டுமே! பொருத்தமான உடுப்பு இல்லாதவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்.

எனவே சகோதரிகளே, சில காரியங்களை நாமே செய்யலாம். தையல் மெசின் வைத்துச் சுயதொழில் செய்பவர்கள் பெரிய அளவுகளிலும் சல்வாரும் சட்டையும் தைத்து விற்றுப் பாருங்கள். வாங்குவோர் உங்களைத் தேடி வருவார்கள். கல்யாண வீட்டிலும் பஸ்சிலும் சந்திப்பவரிடம் "என்ன, நல்லாய் உடம்பு வைச்சிட்டீங்கள்" என்று பேச்சைத் தொடங்குவதை விட்டுவிடுங்கள். 35 வயதானவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் மகளிர் சுகநலக் கிளினிக் எப்போது என்று கேளுங்கள். 1996 முதல் நடக்கும் இந்தக் கிளினிக்கில் குருதி அமுக்கம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். தனியே போகக் கூச்சப்படும் அயல்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.