ஜெர்மனியும் கீழ்ப்புத்துப்பட்டும்

ஜெர்மனி வாழ் துருக்கியரைப் பற்றிய செய்தி நாளேட்டில் வந்தால் நம் இல்லங்களில் அதனை ஊன்றிப் படிக்கின்றனர். படித்தபின் ஐரோப்பியரைக் கடிந்து நாலு சொல் சொல்லாமல் ஏட்டை மடிப்பவர் குறைவு. கடிந்துகொள்ளக் காரணமும் உண்டு. 1961 அக்டோபர் 30ஆம் நாள் உடன்படிக்கை செய்து, ஆலைகளுக்கு ஆள் வேண்டுமென்று அழைத்துச் சென்றார்கள். ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று பெயரிட்டார்கள். விருந்தாளி ஒருநாள் புறப்பட்டாக வேண்டும் என்பது அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. 1983இல் பணம் கொடுத்துத் திருப்பியனுப்பவும் சட்டம் இயற்றினார்கள். 1993இல் ஸோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு, பெண்களும் சிறுமியருமாக ஐவர் மாண்டனர். வந்தவர்கள் மொழி கற்கவில்லை, ஒன்றாமல் தனித்தே வாழ்கின்றனர் என்னும் அரசியல் வழக்கு அங்கே இன்னும் ஓயவில்லை.

ஆயினும், பெற்றோருள் ஒருவர் முறைப்படி எட்டாண்டு வாழ்ந்திருந்தால் அங்கே பிறக்கும் குழந்தை அந்நாட்டுக் குடியே என்று 2000ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. 2024இல் அந்த எட்டும் ஐந்தாகக் குறைந்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். கிளியனூரிலிருந்து கிழக்கே சென்று கடற்கரைச் சாலையை அடைந்தால் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழகத்தில் இத்தகைய முகாம்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றில் வாழ்கின்றனர். மொழி கற்கவில்லை என்று இவர்களைக் குறை சொல்ல எவராலும் இயலாது. இவர்களுள் பலருடைய பாட்டனாரோ, தேயிலைத் தோட்டங்களுக்கென்று இம்மண்ணிலிருந்தே கொண்டுசெல்லப்பட்டவர்கள். 1948இல் இலங்கை அவர்களைக் குடிகளல்லர் என்றது. 1964இல், அதுவும் ஓர் அக்டோபர் 30ஆம் நாளே, 5,25,000 பேரை ஏற்பதாக நம் நாடு ஒப்புக்கொண்டது. இவ்வளவுக்குப் பின்னும் முகாமில் பிறந்த பிள்ளை அந்நியன்!

1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதனைக்கூட மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றுதான் 2022இல் நிலைநாட்ட வேண்டியிருந்தது. பின்னர்ப் பிறந்தோர்க்கு அவ்வழியும் அடைபட்டது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியது என்று நெஞ்சம் வெதும்பினோம், நியாயமே. அதே சட்டம் இவர்களையும் விட்டுவிட்டதை நம் வீடுகளில் எத்தனை பேர் பேசினோம்?

மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர மதீனாவாசியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அதனை ஏற்காமல், கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று விரைவிலேயே பெருவணிகரானார்கள். கொடுக்க முன்வந்த கையைப் புகழ்ந்தே நாம் பயான் செய்கிறோம். வந்தவருக்குக் கடைவீதி திறந்திருந்ததே, அதனையும் எண்ண வேண்டாவா? முகாம் இளைஞன் பட்டம் பெற்றாலும் அரசுப் பணிக்கு மனுச் செய்ய முடியாது. உதவித்தொகையும் அரிசியும் வருகின்றன, வழிதான் திறக்கவில்லை.

போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிச் செல்லலாமே என்பர் சிலர். செல்ல விரும்புவோர் செல்லட்டும். இங்கேயே பிறந்தவன் எங்கே திரும்புவான்?

முகாமில் வாக்குரிமை பெற்றவர் அரியர். ஆகவே அங்கே வேட்பாளருக்கு வேலையில்லை. நம் தெருவுக்கு அவர் தவறாமல் வருகிறார். குடியுரிமை வழங்குவது நாடாளுமன்றத்தின் அதிகாரம். கீழ்ப்புத்துப்பட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வீர் என்று நாம்தாம் அவரைக் கேட்க வேண்டும்.