பனகல் ரோட்டில் மூன்று கன்ஸர்வேடிவ்கள்

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஜனங்கள் வைத்த பெயர் பெரியாஸ்பத்திரி. அரசாங்கம் வைத்த பெயர்கள் இரண்டு. முதலில் எர்ஸ்கின், பிறகு ராஜாஜி. எர்ஸ்கின் பிரபு 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண கவர்னர். அதற்கு முன் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கன்ஸர்வேடிவ் கட்சி உறுப்பினர். ராஜாஜி 1959ல், எண்பது வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர். ஆஸ்பத்திரி வாசலில் ஓடும் ரோட்டின் பெயர் பனகல் ரோடு. பனகல் ராஜா ஜமீன்தார். ஜமீன்தார்கள் நிறைந்த ஜஸ்டிஸ் கட்சியின் முதல் மந்திரியாக 1921 முதல் 1926 வரை இருந்தவர். (அவரைக் கன்ஸர்வேடிவ் என்றால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஜாதி விஷயத்தில் அல்ல, சொத்து விஷயத்தில் சொல்கிறேன்.) ஆக, தென்மாவட்டங்கள் பூராவும் காசில்லாமல் வந்து விழும் ஒரு ஆஸ்பத்திரி இப்படி மூன்று பெயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. யோசித்துச் செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது.

இதைச் சொல்லத் தூண்டியது சமீபத்தில் ஒரு கூட்டத்தில் கேட்ட இரண்டு பேச்சுக்கள். ஒரு நண்பர், கன்ஸர்வேடிவ் கட்சி என்றாலே எல்லோருக்குமான மருத்துவத்தை எதிர்ப்பது, அமெரிக்காவைப் பாருங்கள் என்றார். இன்னொரு நண்பர், அரசாங்க ஆஸ்பத்திரி என்பதே மனிதனை எண்ணாக்கும் ஸ்தாபனம், கலைஞன் அதன் கருணையை எதிர்பார்ப்பது கேவலம் என்றார். இருவருக்கும் கைதட்டல் விழுந்தது. ஒரே அறையில், ஒரே ஆட்களிடமிருந்து. எனக்கு இரண்டும் சோம்பேறித்தனமாகவே பட்டன.

முதல் நண்பரின் அபிப்பிராயம் ஒரே ஒரு தேசத்தை உலகமாக எண்ணிக்கொள்வதால் வருவது. ஜெர்மனியில் தொழிலாளிக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது 1883ல் பிஸ்மார்க். ஐந்து வருஷம் முன்பு, 1878ல், சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்ட அதே பிஸ்மார்க். தடியும் மருந்தும் ஒரே கையிலிருந்து. ஜப்பானில் 1961ல் மக்கள் அனைவருக்கும் காப்பீடு வந்தபோது ஆண்டது லிபரல் டெமாக்ரடிக் கட்சி. பெயரைத் தவிர அதில் லிபரல் எதுவும் கிடையாது. கனடாவில் 1961ல் கமிஷன் அமைத்து, அது பிற்பாடு பொது மருத்துவத்துக்குப் பரிந்துரை செய்ய வழிவிட்டவர் டீஃபன்பேக்கர் என்ற கன்ஸர்வேடிவ் பிரதமர். அமெரிக்காதான் விலக்கு. அங்கும் முழு விலக்கு என்று சொல்ல முடியாது. 1961ல் முதியோர் மருத்துவத் திட்டத்தை எதிர்த்து டாக்டர்கள் சங்கத்துக்காக இசைத்தட்டில் பேசிய ரீகன், இருபது வருஷம் கழித்து ஜனாதிபதியானபோது அந்தத் திட்டத்தை ஒழிக்கவில்லை. கிழவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

பிரிட்டன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1946ல் பெவன் கொண்டுவந்த தேசிய சுகாதார மசோதாவை எதிர்த்து கன்ஸர்வேடிவ்கள் இரண்டாம் வாசிப்பிலும் ஓட்டளித்தார்கள், மூன்றாம் வாசிப்பிலும் ஓட்டளித்தார்கள். 1948 ஜூலை 5ல் அது அமலுக்கு வந்தது. 1951ல் அதே கன்ஸர்வேடிவ்கள் ஆட்சிக்கு வந்து பதின்மூன்று வருஷம் இருந்தார்கள். ஒழித்தார்களா? விரயம் எங்கே என்று கண்டுபிடிக்க 1953ல் கில்போட் என்ற பொருளாதார நிபுணர் தலைமையில் கமிட்டி போட்டார்கள். பெரிய விரயம் எதுவும் இல்லை, தேசிய உற்பத்தியில் இதற்காகும் பங்கு குறைந்துதான் இருக்கிறது என்று 1956ல் அறிக்கை வந்தது. 1962ல் புதிய ஆஸ்பத்திரிகள் கட்டத் திட்டம் போட்டவர் சந்தைப் பொருளாதாரத்தின் பக்தரான ஈனக் பவல். 1982ல் தாட்சர் அம்மையாரே, அது எங்கள் கையில் பத்திரம் என்று கட்சி மாநாட்டில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இதை மனமாற்றம் என்று நான் நம்பவில்லை. கன்ஸர்வேடிவ் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற வக்கீலும் கடைக்காரரும் அதே டாக்டரின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வராந்தாவின் மீது கைவைக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வராது.

நமக்குப் பக்கத்து உதாரணம் இலங்கை, அது இன்னும் விசித்திரம். 1951லேயே ஆஸ்பத்திரிக் கட்டணங்களை எடுத்தது யு.என்.பி. அரசாங்கம். 1971ல் வெளிநோயாளிக்கு இருபத்தைந்து சதக் கட்டணம் போட்டது, ட்ராட்ஸ்கியவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் மந்திரிகளாக இருந்த கூட்டணி. 1977ல் அதை ரத்து செய்தவர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா, சந்தையைத் திறந்துவிட்ட அதே வருஷம், அரசாங்க டாக்டர்கள் தனியாகப் பிராக்டிஸ் செய்யலாம் என்றும் அனுமதித்தார். இலவசத்தைத் திருப்பிக் கொடுத்த கையே, வசதியுள்ளவன் வெளியேறப் பின்வாசலையும் திறந்துவைத்தது. எனக்கு இந்தப் பின்வாசல்தான் முக்கியம்.

ராஜாஜிக்கு வருகிறேன். 1939ல் அவருடைய மந்திரிசபை கொண்டுவந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல் சட்டம். சுகாதார மந்திரி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அதிகாரி வீட்டுக்குள் நுழையலாம், கிணற்றை மூடச் சொல்லலாம், அம்மை குத்தக் கட்டாயப்படுத்தலாம். சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு. சித்திரைக்கு வைகை மணலில் லட்சம் பேர் இறங்கும் ஊரில் அதன் அர்த்தம் விளக்க வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்கியபின் காலராவும் இறங்கிய காலம் அது. தனிச்சொத்து, தனிவீடு என்ற எந்தப் புனிதத்தையும் இந்தச் சட்டம் மதிக்கவில்லை. அதே 1939ல் பொது விற்பனை வரியையும் அவர்தான் கொண்டுவந்தார். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட. பிற்காலத்தில் இந்த மாகாணம் கட்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த வரிதான் முதுகெலும்பு. அரசாங்கத்துக்குக் கையையும் கொடுத்து, கையில் காசையும் கொடுத்தவர், இருபது வருஷம் கழித்து அந்தக் கை நீளக்கூடாது என்று கட்சி ஆரம்பித்தார். அவரை முரண்பாட்டுக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1939ல் அவர் கொள்ளைநோயைப் பார்த்தார். 1959ல் பர்மிட்டையும் லைசென்ஸையும் பார்த்தார். நோய் வந்த மனிதன் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டான். 1972 டிசம்பரில் அவர் சேர்க்கப்பட்டதும், 25ந் தேதி காலமானதும் சென்னை அரசாங்க ஜெனரல் ஆஸ்பத்திரியில். அப்போது அது செய்தியே அல்ல. பெரியவர்கள் அங்கேதான் போவார்கள்.

பன்னிரண்டே வருஷத்தில் நிலைமை தலைகீழ். 1983ல் சென்னையில் அப்போலோ திறந்தது. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அங்கே சேர்க்கப்பட்டார், பிறகு புரூக்ளினுக்குப் போனார். அவர் எந்தக் கணக்கிலும் கன்ஸர்வேடிவ் இல்லை. சத்துணவு போட்டவர். ஆனால் அன்று தமிழ்நாட்டின் பெரிய மனிதர்களும், அவர்களைப் பார்த்து நடுத்தர வர்க்கமும் பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். பிரிட்டிஷ் கன்ஸர்வேடிவ் கட்சி பார்லிமெண்டில் ஓட்டுப் போட்டும் சாதிக்க முடியாததை நாம் ஒரு ஓட்டும் போடாமல் சாதித்தோம். எதிர்க்கத் தேவையில்லை, வராமல் இருந்தால் போதும்.

இதற்குப் பிறகு வந்ததுதான் அட்டை. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2018ல் பிரதமரின் பெயரில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம். கொடுத்த கட்சிகளில் ஒன்றுதான் வலதுசாரி என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில் சங்கடப்படாதது. மற்றவை சமூக நீதி பேசுபவை. அட்டை மட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. தலைப்பில் யாரோ ஒருவருடைய பெயரோ பதவியோ, கீழே உன் பெயர். இதை நான் வடிவம் என்கிறேன், வடிவத்தைப் பற்றிப் பேசத்தானே நாம் இந்தப் பத்திரிகை நடத்துகிறோம். கன்ஸர்வேடிவ் மனம் ஏழைக்கு மருந்து கொடுப்பதை எதிர்ப்பதில்லை. என்றைக்கும் எதிர்த்ததில்லை. தர்மாஸ்பத்திரி என்ற சொல்லே அதன் சொல்தான். அது எதிர்ப்பது 'இது எனக்குச் சேர வேண்டியது' என்று ஏழை சொல்வதை. தேசிய சுகாதாரக் கொள்கையின் 2015 நகலில் சுகாதாரத்தை உரிமையாக்கும் சட்டம் பற்றிய யோசனை இருந்தது. 2017ல் கொள்கை இறுதியானபோது அது போய்விட்டது. படிப்படியாக உறுதியளிப்போம் என்ற வாசகம் வந்தது. ஐந்து லட்சம் கொடுக்கத் தயங்காதவர்கள் அந்த ஒரு சொல்லுக்குத் தயங்கினார்கள். 2023ல் ராஜஸ்தானில் காங்கிரஸ் அரசாங்கம் அந்தச் சொல்லைச் சட்டத்தில் வைத்தபோது தனியார் டாக்டர்கள் வீதிக்கு வந்தார்கள். 1962ல் கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்தில் நடந்த டாக்டர்கள் வேலைநிறுத்தத்தின் மறுபதிப்பு மாதிரி இருந்தது.

அட்டையால் பிரயோஜனமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருதய ஆபரேஷன் நடந்து பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கே அதன் மூலம் பணம் வருகிறது. ஆனால் அட்டை, பெரும்பாலும் படுக்கையில் படுத்தால்தான் பேசும். சர்க்கரைக்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு, மேலூரிலிருந்து வரும் பஸ் சார்ஜுக்கு, கூட இருப்பவர் இழந்த கூலிக்கு அதனிடம் பதில் கிடையாது. 1994ல் அமைத்த மருந்துக் கொள்முதல் கழகம், எந்தத் தலைவர் பெயரும் படமும் இல்லாமல், இந்த விஷயத்தில் அட்டையை விட அதிகம் செய்திருக்கிறது என்பது என் கட்சி. அதைப் பற்றி யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை.

நான் உட்காரும் கவுண்டர் நகைக் கடன் கவுண்டர். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஜனங்கள் வருகிறார்கள். விவசாய நகைக் கடனுக்கு வட்டி குறைவு. ஆகவே சிட்டா அடங்கல் வைத்து, எதற்காகக் கடன் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கையில் ஸ்கேன் கவர் இருக்கும். அந்தத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மூக்குத்தியை மட்டும் தடவிப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் செலவு எங்கள் லெட்ஜரில் உரமாகவும் விதையாகவும் பதிவாகிறது. 2013-14ல் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் கைக்காசு 64 சதவீதமாக இருந்தது 2021-22ல் 39 ஆகிவிட்டது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கலாம், நல்லது. அந்த 39ன் முகம் எனக்குத் தெரியும். அதோடு, கணக்கில் விவசாயமாகிவிட்டதை யார் எண்ணுவது?

இரண்டாவது நண்பர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை உதாரணம் காட்டினார். நியாயமான உதாரணம், கன்ஸர்வேடிவ் தரப்பில் இதைவிட நல்ல வாதம் உலகத்தில் எங்குமே கிடையாது என்று நினைக்கிறேன். 1976ல் பதினோரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தது. பணம் உள்ளவன் கொடுக்கிறான், இல்லாதவனுக்கும் அதே கை ஆபரேஷன் செய்கிறது; 1992லிருந்து லென்ஸையும் இங்கேயே செய்கிறார்கள். மதுரைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் கண்புரை காத்திருக்கும். தேதி குறித்து, பஸ் அனுப்பி, கூட்டி வந்து, ஒருமுறை செய்தால் முடிந்தது. பாம்புக் கடி தேதி குறித்து வராது. காசநோய் ஆறு மாதம் மருந்து கேட்கும். பிரசவம் நடுராத்திரியில் கோணலாகும். இவற்றுக்கு ஒரு மகான் போதாது. மேலும், வெங்கடசாமி ஆபரேஷன் கற்றதும் கற்பித்ததும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் என்பதையும் நண்பர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இனி நம் வட்டம். 1948ல் பிரிட்டனில் அந்தச் சட்டம் அமலான வருஷத்தில் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் செத்தார். கு.ப.ரா. 1944ல் கும்பகோணத்தில், அழுகிய காலோடு. இவர்களைப் பற்றி எழுதும்போது நாம் வறுமையைக் கலைஞனின் ஆபரணம் மாதிரி எழுதுகிறோம். கட்டாத டாக்டர் பில்லை யாரும் எழுதுவதில்லை. 1981ல் ஜி. நாகராஜன் உயிர் போனது இந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில். யாரையும் சிபாரிசு கேட்காமல், யோக்கியனா அயோக்கியனா என்று விசாரிக்காமல் அவரை உள்ளே எடுத்துக்கொண்ட இடம் ஊரில் அது ஒன்றுதான். மனிதனை எண்ணாக்குகிறது என்றாரே நண்பர், அந்த எண்தான் அன்று அவருக்குப் படுக்கை வாங்கிக் கொடுத்தது. பெயரைக் கேட்டிருந்தால் பல இடங்களில் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு எழுத்தாளர் படுத்துவிட்டால் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி உதவி வேண்டுகோள் போடுகிறோம். யாருக்குப் போடுவது, யாருக்கு வேண்டாம் என்று நாலு பேர் டீக்கடையில் தீர்மானிக்கிறோம். குடிப்பவருக்குப் போட்டால் பணம் வராது என்கிறார் ஒருவர். போன வருஷம் நம்மைத் திட்டி எழுதினார் என்கிறார் இன்னொருவர். தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை என்று விக்டோரியா காலத்து தர்மகர்த்தாக்கள் பிரித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எர்ஸ்கினின் கட்சி விட்டுவிட்ட இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த இதழின் கடைசிப் பக்கத்திலும் ஒரு கட்டம் இருக்கிறது. கணக்கு எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தவனே நான்தான். என்னால் ஆனதை அனுப்பியும் இருக்கிறேன். அவர் படுத்திருப்பது பைபாஸ் ரோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெரியாஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். அங்கே எப்படிப் போய்ப் பார்ப்பது, உட்கார இடம் இருக்காதே என்றார், கூட்டத்தில் அமெரிக்காவைப் பற்றிப் பேசிய நண்பர்.